எந்த மெட்டைக் கற்பது? அயர்லாந்தின் செஷன் இசையில் தேர்வின் கலை

அயர்லாந்தின் மரபிசையில் செஷன் என்று வழங்கப்படுவது, மேடையோ தலைமைக் கலைஞரோ முன்கூட்டி வகுத்த நிகழ்ச்சி நிரலோ இல்லாத ஒரு கூட்டு வாசிப்பு. மதுக்கடையின் ஒரு மூலையிலோ வீட்டுச் சமையலறையிலோ பிடில், மரப் புல்லாங்குழல், டின் விசில், கான்செர்டினா, பட்டன் அக்கார்டியன், பான்ஜோ, முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கப்படும் இல்லன் பைப்ஸ் முதலிய கருவிகளோடு சிலர் வட்டமாக அமர்கின்றனர். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்க, அதை அறிந்தவர்கள் இரண்டொரு தாளச் சுற்றுக்குள் சேர்ந்துகொள்ள, அறியாதவர்கள் கருவியை மடியில் வைத்துக்கொண்டு கேட்கின்றனர். சுரத்தாளை விரித்து வைத்து வாசிக்கும் வழக்கம் இங்கே பொதுவாக இல்லை என்பதால், ஒருவர் நெஞ்சில் எவை பதிந்திருக்கின்றனவோ அவையே அன்றைய மாலையில் அவருக்கு இருக்கும் முழு முதல். ஆகவே எந்த மெட்டுகளைக் கற்பது என்ற கேள்வி, மற்ற இசை மரபுகளில் ஆசிரியரோ பாடத்திட்டமோ விடை சொல்லிவிடும் கேள்வி, இந்த மரபில் ஒவ்வொரு கலைஞரின் ரசனையையும் நாகரிகத்தையும் ஒருசேரச் சோதிக்கும் கேள்வியாகிவிடுகிறது.

தேர்வைப் பற்றிப் பேசுவதற்கு முன் மெட்டின் உடலமைப்பை அறிந்துகொள்வது நல்லது. செஷனில் ஒலிப்பவற்றில் பெரும்பாலானவை நடனத்துக்குப் பிறந்தவை: நான்கு நான்காக ஓடும் ரீல், மும்மூன்றாகத் துள்ளும் ஆறெட்டு அளவுள்ள ஜிக், அதையே ஒன்பதெட்டாக நீட்டிய ஸ்லிப் ஜிக், நிதானமாக அடியெடுத்து வைக்கும் ஹார்ன்பைப், இரண்டு நான்கில் விரையும் போல்கா, பன்னிரண்டெட்டில் வழுக்கிச் செல்லும் ஸ்லைடு என்பவை முதன்மையானவை. வழக்கமான மெட்டு எட்டுத் தாளச் சுற்றுகள் கொண்ட இரு பகுதிகளால் ஆனது; ஒவ்வொரு பகுதியும் இரு முறை வாசிக்கப்பட, மொத்தம் 32 சுற்றுகளில் மெட்டு ஒரு முறை நிறைவுபெறும். ரீலின் வேகத்தில் இது அரை நிமிடத்தைச் சற்றே தாண்டும் நேரம். அந்தச் சிறிய உருவத்தை மூன்று முறை திருப்பி வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவதே மரபு. இத்தனை குறுகிய வடிவம் இத்தனை முறை திரும்பத் திரும்ப ஒலித்தும் சலிக்காமல் இருக்க வேண்டுமானால் அதன் செதுக்கு மிகச் சீராக இருந்தாக வேண்டும். ஆகவே திரும்பி வருகையில் சலிக்காமை என்பதே நல்ல மெட்டின் முதல் இலக்கணம்.

தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் களஞ்சியமோ மிகப் பெரியது. கார்க் மாவட்டத்தில் 1848இல் பிறந்து, கடலோடியாக அலைந்து, இறுதியில் சிகாகோ நகரக் காவல்துறையின் தலைவராக உயர்ந்த பிரான்சிஸ் ஓ'நீல் 1903இல் வெளியிட்ட தொகுப்பில் 1850 உருப்படிகள் இருந்தன. நடன மெட்டுகள் மட்டும் அடங்கிய 1907ஆம் ஆண்டுத் தொகுப்பில் 1001 மெட்டுகள் இடம்பெற்றன. செவிவழியாகவே இசை கற்றிருந்த ஓ'நீல் தம் நினைவிலிருந்த மெட்டுகளை வாசித்துக் காட்ட, அதே காவல்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஓ'நீல் அவற்றைச் சுரப்படுத்தினார். பிற்காலத்தில் பிரெண்டான் ப்ரானக் நேரடியாகக் கலைஞர்களிடமிருந்து திரட்டிய நடன இசைத் தொகுதிகளின் வரிசை 1963இல் தொடங்கியது. புதிதாக இயற்றப்படுபவையும் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்டாலும் இக்களஞ்சியத்தில் ஒரு பங்கையே நெஞ்சில் ஏற்றிக்கொள்ள முடியும். எதைக் கற்பது என்று முடிவு செய்யும் ஒவ்வொரு கணமும் எதைக் கற்காமல் விடுவது என்று முடிவு செய்யும் கணமாகவும் இருப்பதால்தான் இத்தேர்வு கனம் பெறுகிறது.

முதல் அளவுகோல், தாம் அமரப்போகும் வட்டத்தில் எவை ஒலிக்கின்றன என்பது. கேட்பதற்கு மிக எளிய விதியாகத் தோன்றினாலும் இதன் வேர் இவ்விசையின் வரலாற்றில் இருக்கிறது. பழைய அயர்லாந்தில் இந்த மெட்டுகள் ஊராரின் வீட்டு நடனங்களுக்காக ஒருவரோ இருவரோ வாசித்தவை. பொது நடனங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று 1935ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த பிறகு வீட்டு நடனங்கள் நலிந்தன. வேலை தேடி லண்டனுக்குப் பெயர்ந்த ஐரிஷ் தொழிலாளர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அந்நகர மதுக்கடைகளில் கூடி வாசித்தபோதுதான் இன்று அறியப்படும் செஷன் வடிவம் வலுப்பெற்றது. கிளேர் மாவட்டத்திலிருந்து வந்தவரும் ஸ்லைகோவிலிருந்து வந்தவரும் கெரியிலிருந்து வந்தவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தபோது, எல்லோருக்கும் பொதுவான மெட்டுகளே அவர்களை ஒன்றாக வாசிக்க வைத்தன. மரபிசையைப் பேண 1951இல் தொடங்கப்பட்ட கோல்டஸ் அமைப்பு நடத்திய இசை விழாக்களும் இந்தப் பொதுச் சேமிப்பை நாடெங்கும் பரப்பின. பொதுவானதைக் கற்பது என்பது ஆகவே இக்கலை உருவான விதத்துக்கே விசுவாசமாக இருப்பது. அதை ரசனைக் குறைவு என்று எண்ணுவதற்கு இடமில்லை.

அப்படிப் பொதுச் சேமிப்பில் தங்கிவிட்ட மெட்டுகளுள் ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால், அது ஏன் தங்கியது என்பது விளங்கும். கால்வே மாவட்டத்துப் பீட்டர்ஸ்வெல் ஊரைச் சேர்ந்த அக்கார்டியன் கலைஞர் ஜோ கூலியின் பெயரால் வழங்கும் 'கூலிஸ் ரீல்' ஒரு நல்ல எடுத்துக்காட்டு. மெட்டு ஷட்ஜத்தில் காலூன்றி உடனே பஞ்சமத்துக்குத் தாவி அங்கேயே அமர்ந்து சுழல்கிறது. இரண்டு சுற்றுகள் அந்த உயரத்தில் நின்றபின், மூன்றாவது சுற்றில் முழுவதும் ஒரு படி கீழே இறங்கி, கைசிகி நிஷாதத்தையே தற்காலிக வீடாக்கிக்கொண்டு அதைச் சுற்றி ஆடுகிறது. பிறகு மீண்டும் ஷட்ஜத்துக்கு ஏறுகிறது. இரண்டாம் பகுதி மேல் ஷட்ஜத்தில் தொடங்கி அதே ஏற்ற இறக்கத்தை உயர்ந்த தளத்தில் நடத்திக் காட்டுகிறது. அடுத்தடுத்த இரு சுரங்கள் மாறி மாறி வீடாக அமையும் இந்த உத்தி பல ஐரிஷ் மெட்டுகளின் எலும்புக்கூடு. புதிதாகக் கற்பவரின் விரலுக்கு இது எளிது. தேர்ந்தவருக்கோ பஞ்சமத்தில் நிற்கும் அந்த நீண்ட சுரத்தை உருட்டவும், வெட்டவும், வெறுமனே நீட்டி விடவும் முடிவற்ற இடம் தருகிறது. தொடக்கநிலையாளரும் முதுகலைஞரும் ஒரே நேரத்தில் நிறைவோடு வாசிக்கக்கூடிய மெட்டே செஷனுக்கு மிகவும் தகுதியானது என்பதற்கு இந்த ரீலே சான்று.

அடிக்கடி ஒலிப்பதாலேயே சில மெட்டுகளைத் தேய்ந்தவை என்று ஒதுக்கும் மனப்பான்மை இசை வட்டங்களில் உண்டு. 'தி கெஷ்' என்ற ஜிக்கும் 'தி சில்வர் ஸ்பியர்', 'தி பான்ஷீ' ஆகிய ரீல்களும் இந்த ஏளனத்துக்கு ஆளாகியிருக்கின்றன. ஆனால் 'தி பாத்தி பேண்ட்' என்ற குழு 1975இல் வெளியிட்ட தன் முதல் இசைத்தட்டைக் கெஷ் ஜிக்கோடுதான் திறந்தது. மாட் மல்லாயின் புல்லாங்குழலும் டாமி பீப்பிள்ஸின் பிடிலும் பேடி கீனனின் பைப்ஸும் சேர்ந்து எழும் அந்தப் பதிவைக் கேட்பவருக்குத் தேய்வு மெட்டில் இல்லை, வாசிப்பவரின் கவனத்தில்தான் இருக்கிறது என்பது உடனே புரியும். தலைமுறைகளின் வாயிலும் விரலிலும் உருண்டு மிஞ்சிய மெட்டு, தன்னிடம் வேண்டாத சுரம் ஒன்றுகூட இல்லாமல் இழைத்து வந்திருக்கிறது. ஒருவர் அதை முந்நூறாவது முறை வாசிக்கும்போது ஒரு திருப்பத்தில் புதிய வழியைக் காண்பதும், எதிரில் அமர்ந்தவர் அதைக் காதில் வாங்கி அடுத்த சுற்றில் தாமும் அவ்வழியே வருவதும் இக்கலையின் உயர்ந்த இன்பங்களுள் ஒன்று. அந்த இன்பம் இருவருக்கும் நன்கு தெரிந்த மெட்டில்தான் வாய்க்கும்.

இரண்டாம் அளவுகோல் வட்டாரம். கார்க், கெரி மாவட்டங்களின் எல்லையில் கிடக்கும் ஸ்லீவ் லூக்ராவில் போல்காவும் ஸ்லைடுமே உயிர். ஆசிரியப் பணியை விட்டபின் வீடு வீடாகச் சென்று பிடில் கற்பித்த பாட்ரிக் ஓ'கீஃப், கம்பிகளையும் விரல்களையும் குறிக்கும் தம் சொந்தக் குறிமுறையில் மாணவர்களுக்கு அவற்றை எழுதித் தந்தார். அவருடைய மாணவர்களான டெனிஸ் மர்ஃபியும் அவர் தங்கை ஜூலியா கிளிஃபர்டும் 1969இல் வெளியிட்ட இசைத்தட்டு இன்றும் அவ்வட்டார வாசிப்புக்கு இலக்கணமாக விளங்குகிறது. வடக்கே டோனகாலில், ஸ்காட்லாந்துக்கு அறுவடை வேலைக்குச் சென்று திரும்பியவர்கள் வழியாக வந்த ஹைலேண்ட் வகை மெட்டுகளும், ஜான் டோஹர்ட்டி போன்ற பிடில் கலைஞர்களின் கூர்மையான வில்வீச்சும் சிறப்பு. கிழக்குக் கிளேரில் நிதானமும் ஏக்கமும் ஓங்கிய நடை போற்றப்படுகிறது. எந்த வட்டாரத்தின் மேசையில் ஒருவர் அமர்கிறாரோ அந்த வட்டாரத்தின் மெட்டுகளைக் கற்று வருவது விருந்தினர் காட்டும் மரியாதை. போல்கா வெறும் எளிய மெட்டு என்று எண்ணிக்கொண்டு ஸ்லீவ் லூக்ராவுக்குச் செல்பவர், அந்த எளிமைக்குள் வில் எங்கே அழுத்தம் கொடுக்கிறது என்பதைப் பிடிக்க முடியாமல் திணறுவதுண்டு.

மூன்றாவதாகக் கருவி. டின் விசிலும் சாவிகளற்ற மரப் புல்லாங்குழலும் இயல்பாக டி என்னும் சுருதியில் அமைந்தவை. அவற்றின் ஆறு துளைகளில் கிடைப்பது நம் சங்கராபரணத்தின் சுர வரிசை. அதே சுரங்களை வைத்துக்கொண்டு ரிஷபத்தை ஆதாரமாக்கினால் கரகரப்பிரியாவும், பஞ்சமத்தை ஆதாரமாக்கினால் ஹரிகாம்போதியும் பிறக்கின்றன என்பது கர்நாடக இசையில் கிரக பேதம் அறிந்தவர்களுக்குப் பழகிய உண்மை. ஐரிஷ் மெட்டுகளின் பெரும்பகுதி இந்தச் சில அளவுகளுக்குள்ளேயே வாழ்வதற்கு இக்கருவிகளின் உடலே முக்கியக் காரணம். பிடிலின் கடைசிக் கம்பியோ புல்லாங்குழலின் கீழெல்லைக்கும் கீழே இறங்கும். பிடில் கலைஞர் அந்த ஆழத்தில் தோய்ந்த மெட்டை விரும்பித் தொடங்கினால், புல்லாங்குழல்காரர் கீழ்ச் சுரங்களை மேல் ஸ்தாயிக்கு மடித்து வாசிக்க வேண்டிவரும், மெட்டின் வடிவமும் சிதையும். இல்லன் பைப்ஸுக்கோ டி சுருதியில் இடைவிடாது முழங்கும் ஒத்து உண்டு என்பதால், அந்தச் சுருதியை வீடாகக் கொண்ட 'தி கோல்டு ரிங்' போன்ற பல பகுதிகள் கொண்ட ஜிக் அதில் தனிக் கம்பீரம் பெறும். தம் கருவியில் எது நன்றாகப் பேசும் என்பதை அறிவதோடு, பக்கத்தில் இருப்பவரின் கருவியில் எது பேசாது என்பதையும் அறிந்து தேர்பவரே பக்குவமான செஷன் கலைஞர்.

நான்காவது அளவுகோல் மிக நுட்பமானது: மெட்டை எவரிடமிருந்து கற்பது என்பது. ஒரே மெட்டு பல பெயர்களில் வழங்கும், ஒரே பெயர் பல மெட்டுகளுக்கு இருக்கும். ஒவ்வொரு கலைஞரும் ஒரு மெட்டைத் தமக்கென ஒரு பாடாந்தரத்தில் வைத்திருப்பர். எழுதப்பட்ட சுரம் எலும்பைத் தரும். தசையும் மூச்சும் ஒரு மனிதரின் வாசிப்பிலிருந்துதான் வரும். கிளேரின் மில்டவுன் மால்பே ஊரில், பைப்ஸ் கலைஞர் வில்லி கிளான்சி மறைந்த 1973ஆம் ஆண்டிலேயே அவர் பெயரில் தொடங்கிய கோடைப் பள்ளி, ஒவ்வொரு ஜூலையிலும் செவிவழிக் கல்வியை மையமாக வைத்தே நடக்கிறது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஜோ கூலி 1973இல் தம் ஊர் மதுக்கடையில் வாசித்த பதிவு, அவர் மறைவுக்குப் பின் இசைத்தட்டாக வெளிவந்தது. அதிலுள்ள 'தி பக்ஸ் ஆஃப் ஆரன்மோர்' என்ற ஐந்து பகுதி ரீலைக் கேட்டுக் கற்றவருக்கு, மெட்டோடு ஓர் ஊரின் ஆரவாரமும் ஒரு வாழ்க்கையின் வேகமும் சேர்ந்தே கிடைக்கின்றன.

ஒருவரிடமிருந்து கற்பதன் வலிமையையும் அதன் விலையையும் ஒருங்கே காட்டுபவர் மைக்கேல் கோல்மன். ஸ்லைகோவில் 1891இல் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய இந்தப் பிடில் மேதை 1921 முதல் 1936 வரை பதிவு செய்த இசைத்தட்டுகள் கடல் கடந்து அயர்லாந்தின் பண்ணை வீடுகளுக்குத் திரும்பின. அவர் 1930களில் 'டார்போல்டன்', 'லாங்ஃபோர்டு கலெக்டர்', 'செய்லர்ஸ் பானட்' என்ற மூன்று ரீல்களைத் தொடுத்து வாசித்த செட் இன்றும் அதே வரிசையில்தான் வாசிக்கப்படுகிறது. செட் என்பது இடைவெளியின்றித் தொடுக்கப்பட்ட மெட்டுகளின் கோவை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த டார்போல்டன் இருண்ட சாயலுடைய ஈ சுருதியில் சுழல்கிறது. அதிலிருந்து லாங்ஃபோர்டு கலெக்டருக்குத் தாவும்போது வீடு ஜி சுருதிக்கு நகர, திடீரென்று வெளிச்சம் பரவுகிறது. செய்லர்ஸ் பானட்டில் வீடு டி சுருதிக்கு மாறி, எல்லாக் கருவிகளும் தம் இயல்பான குரலில் திறந்து பாடுகின்றன. தனித்தனியே நல்ல மெட்டுகளான மூன்றும் இந்த வரிசையில் ஒரே எழுச்சியாக உருமாறுகின்றன. ஆகவே மெட்டைக் கற்கும்போதே அதற்கு முன்னும் பின்னும் எது வரும் என்று யோசிப்பது அவசியம். அதேவேளை, கோல்மனின் புகழால் மயங்கிப் பிற வட்டாரக் கலைஞர்கள் பலர் ஸ்லைகோ மெட்டுகளுக்கு மாறினர், உள்ளூர் மெட்டுகள் சில பின்தள்ளப்பட்டன என்பதும் இம்மரபின் அறிஞர்கள் வருந்திப் பதிவு செய்த உண்மை.

அந்த வருத்தத்திலிருந்துதான் அரிய மெட்டுகளின் நியாயம் பிறக்கிறது. எல்லோரும் பொதுவானவற்றை மட்டுமே கற்றால் களஞ்சியம் சுருங்கிவிடும். யாராவது ஒருவர் மறந்துபோன ஒன்றைச் சுமந்து வந்தாக வேண்டும். கிழக்குக் கால்வேயின் பேடி ஃபாஹி இயற்றியவை இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியவை. அவர் தம் மெட்டுகளுக்குப் பெயர் சூட்டாததால் எல்லாமே அவர் பெயராலேயே வழங்குகின்றன. வணிக இசைத்தட்டும் அவர் வெளியிடவில்லை. மெட்டுக்குள்ளேயே காந்தாரம் மென்மைக்கும் மலர்ச்சிக்கும் இடையே ஊசலாடும் அவற்றின் அழகு பெரிய கூட்டத்தின் ஓட்டத்தில் கரைந்துவிடும். நான்கைந்து பேர் தாழ்ந்த குரலில் வாசிக்கும் இரவில் அவை தம் முழு ஆழத்தையும் காட்டும். டப்ளினின் டாமி பாட்ஸ் வழியாகப் புகழ்பெற்ற 'தி பட்டர்ஃபிளை' என்ற ஸ்லிப் ஜிக்கும் ஒரு காலத்தில் அரியதாக இருந்து, பின்னர் பதிவுகளின் வழியே பொதுச் சேமிப்பில் சேர்ந்ததுதான். அரிய மெட்டைக் கொண்டுவருபவர் அதைத் தனியுடைமையாகக் காட்டாமல், கேட்பவர் பிடித்துக்கொள்ளும்படி நிதானமாக, போதிய முறை திருப்பி வாசித்தால், அது வட்டத்துக்கு அளித்த கொடையாகிறது. இரவு முழுவதும் பிறர் அறியாத மெட்டுகளையே தொடங்குபவரோ மற்றவர்களை வெறும் அவையாக்கிவிடுகிறார்.

கற்கும் முறையும் தேர்வின் ஒரு பகுதியே. ஒரு மெட்டு உண்மையில் நெஞ்சில் ஏறியதா என்பதற்கு இம்மரபு ஓர் எளிய சோதனையை வைத்திருக்கிறது: பொருளற்ற அசைகளால் மெட்டைப் பாடும் லில்டிங் என்ற வாய்ப்பாட்டு வழக்கம். தாளம் தவறாமல் வாயால் பாட முடியாத மெட்டை விரல் மட்டும் அறிந்திருப்பது போதாது, ஏனெனில் விரலின் நினைவு ஒரு தவறில் அறுந்துவிடும், செவியின் நினைவு அறுந்த இடத்திலிருந்து மீண்டும் பிடித்துக்கொள்ளும். பல வாரங்கள் கேட்டுக் கேட்டு, கற்காமலேயே பாதி கற்றுவிட்ட மெட்டைக் கருவியில் எடுப்பதே மிக இயல்பான வழி. செஷனில் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரம் அதனாலேயே வீணாகாத நேரம். எண்ணிக்கையைத் துரத்துபவர் நூறு மெட்டுகளின் நிழல்களைச் சேர்க்கிறார். முப்பது மெட்டுகளை எந்த வேகத்திலும், நடுவில் எந்த இடத்திலிருந்தும், பக்கத்தவரின் பாடாந்தரத்துக்கு வளைந்து கொடுத்தும் வாசிக்க வல்லவரைத்தான் வட்டம் மறுவாரமும் எதிர்பார்க்கிறது.

இவ்வாறு பார்க்கையில், ஒரு கலைஞரின் மெட்டுத் தொகை அவர் யாரையெல்லாம் கவனித்துக் கேட்டார் என்பதன் முழுப் பதிவாக அமைகிறது. பொதுவானதை அவர் கற்றது மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்காக; வட்டார மெட்டைக் கற்றது தம்மை வரவேற்ற ஊருக்காக; கருவிக்கேற்ற மெட்டைக் கற்றது ஒலியின் நேர்மைக்காக; ஒரு குறிப்பிட்ட பாடாந்தரத்தைக் கற்றது மறைந்த ஒருவரின் குரல் மறையக் கூடாது என்பதற்காக. இந்த நான்கு அளவுகோல்களும் முரண்படும் இடத்தில் முடிவு சொல்லத்தக்க கேள்வி ஒன்று உண்டு: நாளை புதிதாக வந்து ஓரத்து நாற்காலியில் அமரும் ஒருவர், இந்த மெட்டைத் தமக்குக் கற்றுத் தரும்படி கேட்டால், அதை மெதுவாக, பகுதி பகுதியாக, அதை வாசித்தவர்களின் பெயர்களோடு சேர்த்துக் கற்றுத் தர விருப்பம் எழுமா? எழும் என்றால் அந்த மெட்டு கற்கத் தகுந்தது. ஏனெனில் ஓ'நீலிலிருந்து கூலி வரை இவ்விசையைக் காத்து வந்த ஒவ்வொருவரும் தாம் பெற்ற மெட்டைப் பிறர் கைக்கு மாற்றியே அதை வாழவைத்தனர்.